இருபத்தொன்பதரைப் பாகை

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை 5 மணி 52 நிமிடம். ஹட்டனில் ஆறாவது நாளாக விடாத மழை. வீட்டுக்குள் வெப்பமானி பதினேழு பாகை காட்டியது. நான் இரண்டு சுவெற்றரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு தேத்தண்ணிக்குக் காத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் குடையோடு வந்து நின்று கூப்பிட்டார்.

"மாஸ்டர், எந்திரிச்சிட்டீங்களா? சீக்கிரம் வாங்க. ஆளுக்கு வலி எடுத்திருச்சு."

ஆள் என்று அவர் சொன்னது தன் ஆண் கடற்குதிரையை. கடற்குதிரைகளில் பிள்ளை சுமப்பதும் பெறுவதும் ஆண்தான். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றடியில் உள்ள பைக்குள் இட்டுவிட்டு ஒதுங்கிவிடும். மற்றதெல்லாம் அவன் பாடு.

போனேன். உயரமான தொட்டியின் அடியில் ஒரு செடித் தண்டை வாலால் சுற்றிப் பிடித்தபடி அவன் நின்றான். முன்னுக்குக் குனிந்து நிமிர்ந்தான். ஒவ்வொரு குனிதலுக்கும் பையின் வாயிலிருந்து ஒரு கொத்துக் குஞ்சுகள் வெளியே தெறித்தன. ஒவ்வொன்றும் வெட்டிய நகத்துண்டு அளவு. அந்த அளவிலேயே கழுத்தும் மூக்கும் வாலும் கண்ணும் எல்லாம் இருந்தன. அவற்றைக் காற்றுப் படாமல் தண்ணீரோடு கோப்பையில் அள்ளி வேறு பாத்திரத்தில் விடவேண்டும். நான் அள்ளித் தருகிறேன் என்றேன். அள்ளும்போது எண்ணினேன்.

"ஐயோ மாஸ்டர், பச்சப் புள்ளைங்கள எண்ணாதீங்க" என்று அவர் மனைவி ஓடி வந்தார். "கண்ணு பட்டுரும்."

"எண்ணாட்டி எத்தினை எண்டு எப்பிடித் தெரியும்?"

"எதுக்குங்க தெரியணும்? இருக்குல்ல, அது போதாதா?"

நூற்று முப்பத்தேழு. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே எத்தனை என்று கேட்டாள். சொன்னேன்.

"எங்கட?" என்றாள்.

"சைபர்."

"பரவாயில்லையப்பா. உங்களுக்குக் கணக்கு லேசு."

அவள் சிரித்தாள். நான் கொப்பியை எடுத்து இரண்டு எண்ணையும் எழுதினேன்.

நான் முப்பத்துநான்கு வருடம் கணிதம் படிப்பித்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து இருபத்தாறு வயதில் மலைநாட்டுக்கு நியமனம் பெற்று வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது எழுபத்துநான்கு. இந்தக் குளிருக்குள் நாற்பத்தெட்டு வருடம் இருந்தும் இது எனக்குப் பழகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டீமேக்கராக இருந்தவர். கொழுந்து வாடுவதிலிருந்து தூள் பெட்டியில் ஏறும்வரை தொழிற்சாலைக்குள் நடப்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஓய்வு பெற்றதும் எங்கள் ஒழுங்கையில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். ஜனவரியிலும் வெறும் சட்டையோடு திரிவார். அதைப் பார்த்தாலே எனக்கு உடம்பு நடுங்கும்.

இரண்டு வீட்டுக்கும் கடற்குதிரை ஒரே நாளில்தான் வந்தது. பெப்ரவரியில் நாங்கள் இருவரும் நீர்கொழும்புக்குப் போனோம். அங்கே ஒருவர் வீட்டிலேயே இவற்றைப் பெருக்கி விற்கிறார். கடலில் பிடித்தவை தொட்டியில் தங்காது, உயிருள்ள இரைக்கு ஏங்கியே செத்துவிடும், தொட்டியில் பிறந்தவைதான் உறைந்த இறாலையும் தின்னும் என்று அவர் விளங்கப்படுத்தினார். இரண்டு பைகளில் இரண்டு சோடி கட்டித் தந்தார். நாலும் ஒரே தாய் தகப்பனின் வெவ்வேறு ஈற்றுக் குஞ்சுகள், ஒரே விலை.

"மாஸ்டர், நீங்க மொதல்ல எடுங்க" என்றார் டீமேக்கர்.

"இல்லை, நீங்கள் எடுங்கோ."

அவர் இடப்பக்கப் பையை எடுத்தார். எனக்கு வலப்பக்கப் பை. மரியாதைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நினைத்து நான் பிறகு எத்தனை காலை வெந்திருப்பேன் என்பதற்குத்தான் என்னிடம் கணக்கில்லை. ரயிலில் வரும்போது வட்டவளை தாண்டியதும் குளிர் ஏறியது. நான் பையைச் சுவெற்றருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அவர் தன் பையை ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டிக்குள் போட்டு மூடி, அதன்மேல் வெற்றிலைப் பெட்டியை வைத்துவிட்டு றொசல்ல ஸ்டேசனுக்கு முன்பே தூங்கிவிட்டார்.

வளர்ப்பு முறை இருவருக்கும் ஒன்றுதான். கடல்நீர் மாதம் இருமுறை வரும். பஜாரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் முதலாளியின் லொறி நீர்கொழும்பிலிருந்து கருவாடு ஏற்றி வரும்போது எங்களுக்கும் பிளாஸ்டிக் கான்களில் நீர் கொண்டுவரும். கானின் வெளிப்புறம் கருவாடு மணக்கும், உள்ளே நீர் சுத்தம். இரண்டு நாள் இருட்டில் வைத்து, வடித்து, உப்பின் அளவு பார்த்து ஊற்றுவோம். நீரோட்டம் மெதுவாக இருக்கவேண்டும், ஏனென்றால் இவை நீந்தத் தெரியாத மீன்கள். முதுகில் ஒரு சின்னச் செட்டையை விசிறிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடித்தான் போகும். பிடித்துக்கொள்ளத் தண்டுகள் வேண்டும். இரைப்பை கிடையாது, தின்றது உடனே போய்விடும், ஆகவே ஒரு நாளைக்கு மூன்று முறையாவது கொடுக்கவேண்டும். நான் நாலு முறை கொடுத்தேன். வேளைக்குப் பதினான்கு இறால், ஆளுக்கு ஏழு. அவர் விரல் நுனியில் அள்ளிப் போடுவார்.

"எத்தினை போடுறீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தின்னுற வரைக்கும் போடுறதுங்க."

அவர் சோடி ஒவ்வொரு காலையும் வணக்கம் சொல்லும். அதை நான் பல தடவை பார்த்தேன். விடிந்ததும் பெண் எங்கிருந்தாலும் ஆணிடம் வரும். இரண்டின் நிறமும் வெளிறிப் பொன்னாகும். ஒரே தண்டை இரண்டும் வாலால் பிடித்துக்கொண்டு, சிறுபிள்ளைகள் கம்பத்தைப் பிடித்துச் சுற்றுவதுபோல் சுற்றும். சில நிமிடம்தான். பிறகு தத்தம் மூலைக்குப் போய்விடும். என் சோடியும் சுற்றியது. ஆனால் அவர் சோடி ஆறேழு நிமிடம் சுற்றும்போது என்னுடையது மூன்றே நிமிடத்தில் முடித்துக்கொள்ளும். பதினெட்டு நாள் நேரம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மே 21ஆம் திகதி காலை அவர் தொட்டியில் இரண்டும் முகத்துக்கு முகம் நின்று நீருக்குள் மெல்ல மேலெழுந்து, வயிறோடு வயிறு ஒட்டியதையும் நான் இருந்து பார்த்தேன். பெண் முட்டை இட்டது. எட்டு விநாடி. அதிலிருந்து இருபத்தெட்டாம் நாள் பிறந்தவைதான் அந்த நூற்று முப்பத்தேழு. பிறந்த மறுநாளே, ஜூன் 19ஆம் திகதி, அதே சோடி மறுபடி மேலெழுந்து ஒட்டியது. அவன் பை மறுபடி நிறைந்தது. பேறுகால ஓய்வுகூட இல்லாமல் அடுத்த ஈற்று. எனக்கு வயிறு எரிந்தது.

என் மனைவி அங்கே போய்ப்போய் வந்தாள். குஞ்சுக்கு இரை பொரிப்பதில் அவள் டீமேக்கரின் மனைவிக்கு உதவி. தூள்போல வரும் ஒருவகைச் சிற்றிறால் முட்டையை உப்புநீர்ப் போத்தலில் போட்டுக் காற்றடித்தால் ஒரு நாளில் பொரிக்கும். அதை வடித்துக் கழுவிக் குஞ்சுகளுக்கு ஊட்டவேண்டும். காலை, மத்தியானம், பின்னேரம் மூன்று நடை. எங்கள் தொட்டிப் பக்கம் அவள் திரும்புவதில்லை.

"எங்கட வீட்டிலயும் ரெண்டு நிக்குது" என்றேன்.

"அதுகளை நீங்கள்தானே நாள் முழுக்க முறைச்சுப் பாக்கிறீங்கள். நானும் பாத்தா வெக்கப்படுங்கள்."

குஞ்சுகள் சாகத் தொடங்கின. இது எங்கும் நடப்பதுதான். நூறு பிறந்தால் பத்து மிஞ்சுவதே பெரிது. சில மேல்மட்டத்தில் காற்றை விழுங்கி மிதந்து சாகும், சில தின்னாமலே சாகும். நான் ஒவ்வொரு காலையும் சுகம் விசாரிக்கிற சாக்கில் போய் எண்ணிவிட்டு வந்தேன். ஒன்பதாம் நாள் நாற்பது. அன்று குஞ்சுத் தொட்டியின் மேலே எலுமிச்சங்காயும் ஏழு பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கியது.

"இது ஆருக்கு?" என்று கேட்டேன்.

டீமேக்கரின் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டார். டீமேக்கர் தலையைச் சொறிந்தார். "பொம்பளைங்க பேச்சு, விடுங்க மாஸ்டர். சமையலுக்கு வாங்குனத மாட்டி வச்சிருக்கா."

நான் படித்தவன், கண்ணூறை நம்புகிறவனல்ல. ஆனால் நாற்பது என்று கொப்பியில் எழுதியபோது எனக்குள் ஓர் ஆறுதல் இருந்தது உண்மை. அந்த அம்மா என்னை அறியாமல் மிளகாய் கோக்கவில்லை.

அதே நாள், ஜூன் 27ஆம் திகதி, என் தொட்டியில் முட்டை விழுந்தது. காலையில் என் சோடியும் மேலெழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுந்த இரண்டும் நீர்மட்டத்தில் முட்டி, சரிந்து, விலகின. பெண்ணால் முட்டையை அடக்கிக்கொள்ள முடியவில்லை. செம்மஞ்சள் நிறத்தில் குண்டுமணியிலும் சிறிய முட்டைகள் மணலில் கொட்டிக் கிடந்தன. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு.

டீமேக்கரைக் கூப்பிடவில்லை. அவரே வேலியால் எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், ஒங்க தொட்டி நீளமா இருக்கு, ஒசரம் இல்லீங்களே. அதுங்க நின்னபடி மேல போகணும். எடம் பத்தல."

நீளத் தொட்டியில்தான் கொள்ளளவு கூட என்று நான் கணக்குப் பார்த்து வாங்கியிருந்தேன். கணக்கில் பிழையில்லை. பக்கத்து வீட்டில் உயரமான தொட்டி நாலு மாதமாக என் கண்ணுக்கு முன் நின்றது. நான் அதற்குள் இருந்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஜூன் 30 வெள்ளிக்கிழமை உயரத் தொட்டி வந்தது. அவருடையதைவிட இரண்டு அங்குலம் கூட உயரமாகச் செய்வித்தேன். மறுநாள் ஜூலை 1, காலை 6.10க்கு என் சோடி மேலெழுந்து ஒட்டியதைக் கண்டேன். ஐந்து விநாடி. கீழே மணலில் ஒரு முட்டையும் இல்லை.

அன்று மத்தியானம் நான் செய்த கணக்கை அப்படியே எழுதுகிறேன். டீமேக்கரின் தொட்டி இருபத்துமூன்று பாகை. சுமந்த நாள் இருபத்தெட்டு. நீர்கொழும்புக்காரரின் தொட்டி இருபத்தாறு பாகை; அவர் சொன்னபடி இருபத்திரண்டு நாள். மூன்று பாகை கூடினால் ஆறு நாள் குறைகிறது. ஆகவே பாகைக்கு இரண்டு நாள். டீமேக்கரின் இரண்டாம் ஈற்று ஜூன் 19இலிருந்து இருபத்தெட்டாம் நாள், ஜூலை 17. நான் அவரை முந்த வேண்டுமானால் ஜூலை 16. என்னிடம் இருந்தது பதினைந்து நாள். பதின்மூன்று நாள் குறைக்க ஆறரைப் பாகை கூட்டவேண்டும். இருபத்துமூன்றோடு ஆறரை, இருபத்தொன்பதரை.

இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு ஒரு கோட்டை இழுத்து, அது எங்கு வேண்டுமானாலும் நேராகப் போகும் என்று நினைக்காதே என்று முப்பத்துநான்கு வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் காட்டியவன் நான். ஆனால் எனக்குள்ளே இன்னொரு நியாயமும் இருந்தது. நான் பிறந்த ஊரின் கடல் வெதுவெதுப்பானது. குளிர்தான் கெடுதி, சூடு நல்லது என்பது என் உடம்பு அறிந்த ஒன்று. முன்பே ஹீட்டரை இருபத்தேழில் வைத்திருந்தேன். அன்று இருபத்தொன்பதரைக்குத் திருகினேன். தொட்டியைச் சுற்றிப் பழைய கம்பளியும் கட்டினேன்.

ஜூலை 9ஆம் திகதி பை உப்பத் தொடங்கியது. என் சந்தோசத்தைச் சொல்ல முடியாது. ஒழுங்கை முழுக்கச் சொன்னேன். கருவாட்டுக் கடை முதலாளிக்குச் சொன்னேன். டீமேக்கரிடம் போய், "எங்கட ஆளுக்கும் இருக்குது" என்று, அவர் மனைவிக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்த அம்மா மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. "அப்ப வளைகாப்பு செஞ்சிருவோம்" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். ஜூலை 14 வெள்ளிக்கிழமை மத்தியானம், புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைச் சோறு என்று ஐந்து வகை கட்டிக்கொண்டு புருசனும் பெண்சாதியும் வந்துவிட்டார்கள்.

"வளையல் எங்க?" என்றாள் என் மனைவி.

"கை இல்லாத பயலுக்கு எங்கக்கா போடுறது? மாஸ்டருக்குப் போடுவோம்."

"இவருக்கோ? இவர் வளையலையும் எண்ணித்தான் போடுவார்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மலைநாட்டுக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு சந்தோசமாகச் சாப்பிட்ட நேரங்கள் குறைவு. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு டீமேக்கர் தொட்டிக்கு முன்னால் போய்க் குந்தினார்.

என் ஆண் நீர்மட்டத்தில் நின்றான். கீழே போக முயன்றான், போக முடியவில்லை. வால் மேலே மேலே வந்தது. ஒரு தண்டை எட்டிப் பிடித்துத் தன்னைக் கீழே இழுத்துக்கொண்டான். பிடி தளர்ந்ததும் பந்துபோல மறுபடி மேலே.

"மாஸ்டர், சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"வயித்துல புள்ள இருக்கிறவன் கனமா அடியில ஒக்காந்திருப்பானுங்க. இவன் மெதக்குறான். இது புள்ள இல்ல மாதிரி இருக்குங்க. காத்து."

"உங்கட ஆள் அடியில நிண்டா எல்லாரும் அடியில நிக்க வேணுமோ?"

"அதுக்கில்லீங்க..."

"பொறாமையில கதைக்காதேங்கோ."

இதைச் சொன்னது நான். அவரிடம் சொன்னேன். டீமேக்கர் எழுந்து சாரத்தைத் தட்டிக்கொண்டு, "சரிங்க மாஸ்டர், ஒங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா பாத்திரங்களைக்கூட எடுக்கவில்லை.

அவர் சொன்னது எனக்கு அந்த நிமிடமே விளங்கியது. விளங்காமல் இல்லை. கர்ப்பப் பையில் காற்றுக் கட்டுவது ஆண் கடற்குதிரைக்கு வரும் நோய் என்று வாசித்திருந்தேன், அடையாளமும் மிதப்பதுதான். ஆனால் ஒத்துக்கொண்டால் அவர் சொன்னது சரியாகிவிடும். அவருடைய ஆளுக்குப் பிள்ளை, என்னுடையவனுக்கு வெறும் காற்று. இதை என்னால் விழுங்க முடியவில்லை. 16ஆம் திகதி வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம் என்றிருந்தேன். 14 காலையில் ஏழில் ஏழு இறாலும் தின்றவன் 15 காலை மூன்று தின்றான். 15 பின்னேரம் ஒன்று. 16ஆம் திகதி முழுவதும் ஒன்றுமில்லை. பெண் விடியலில் வந்து தண்டைப் பிடித்துக்கொண்டு நிறம் மாறி நின்றது. அவன் மேலேயிருந்து தலைகீழாக அதைப் பார்த்தான்.

"பக்கத்து வீட்டு அண்ணையைக் கூப்பிடுங்கோவன்" என்றாள் மனைவி. "உங்களுக்கு என்ன விசரே? வாயில்லாச் சீவன், பாவமெல்லே."

"இண்டைக்குப் பிறக்கும்."

"என்ன பிறக்கும்? காத்தோ?"

17ஆம் திகதி காலை 5.40க்கு நான் மழைக்குள் குடையில்லாமல் வேலியடிக்குப் போனேன். அவர் அன்று விடியவே எழும்பியிருந்தார், காரணம் எனக்குத் தெரியும். அன்றுதான் அவருடைய ஆளின் நாள்.

"கொஞ்சம் வாறீங்களே?" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தார். தொட்டிக்குள் கையை விட்டதும் திடுக்கிட்டு வெளியே எடுத்தார்.

"இது என்னங்க மாஸ்டர், குளிக்கிற வெந்நீரா? எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"இருபத்தொன்பதரை."

"எதுக்குங்க?"

அவர் கம்பளியை அவிழ்த்து எறிந்தார். "நம்ம ஊருக் குளிருதாங்க இதுங்களுக்கு மருந்து. கீழ கொழும்புல வளக்குறவங்க தண்ணியக் குளிர வைக்க மெசின் வாங்குறாங்க. சூட்டுல கிருமி பெருகிப்போகும்னு நீர்கொழும்புக்காரர் சொன்னாரே, நீங்கதானே எழுதி வச்சீங்க." எழுதி வைத்தேன்தான். கொப்பியில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

அவனை நீருக்குள்ளேயே உள்ளங்கையில் சாய்த்துப் பிடித்தார். அவன் வாலை அவர் சுண்டு விரலில் சுற்றிக்கொண்டான். என் விரலில் அவன் ஒருநாளும் சுற்றியதில்லை, நானும் கொடுத்ததில்லை. மற்றக் கைப் பெருவிரலால் பையை அடியிலிருந்து வாய்ப்பக்கமாக மெல்ல நீவினார். முதல் குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. ஒன்பது குமிழிகள். ஒரு குஞ்சும் இல்லை. பை சுருங்கியது. அவன் மெல்லக் கீழே இறங்கி, மூன்று நாளுக்குப் பிறகு மணலைத் தொட்டான்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. "இந்தாங்க! பொறக்குது! வாங்க!"

டீமேக்கர் திரும்பவில்லை. "நீயே அள்ளு!" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு ஹீட்டரைத் திருகினார். "ஒரேயடியாக் கொறைக்கக் கூடாதுங்க. ஒரு நாளைக்கு ஒரு பாகை. இருபத்துமூணுக்குக் கொண்டு வந்து விடுங்க." இன்னும் முக்கால் மணி நேரம் என் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார், மறுபடி காற்றுக் கட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு. அந்த முக்கால் மணி நேரமும் நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றிதான் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது முன்னிலும் பெரிய எரிச்சல். இந்த மனுசனுக்கு எல்லாம் எப்படி இவ்வளவு லேசாக இருக்கிறது? பிள்ளை பிறப்பதும் லேசு, அதைப் பார்க்காமல் விடுவதும் லேசு.

பின்னேரம் மறுபடி காற்றுக் கட்டியது. வந்து நீவினார். 18ஆம் திகதி இரண்டு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் குமிழி குறைந்தது, அவனும் குறைந்தான். தின்னவில்லை. 19ஆம் திகதி புதன்கிழமை காலை 6.25க்கு, தண்டைப் பிடித்தபடியே, தலை மட்டும் சரிந்திருந்தான். வாலை விடுவித்து எடுக்க நேரம் சென்றது.

டீமேக்கர் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் முந்தி..." என்று தொடங்கினார். பிறகு, "காத்துக் கட்டுறது சூட்டுல மட்டும் வர்றதில்லீங்க மாஸ்டர், பல காரணம் இருக்கு" என்று முடித்தார். இருக்கலாம். நான் பிறகு வாசித்ததிலும் காரணம் ஒன்றல்ல என்றுதான் இருக்கிறது. ஆனால் அவர் முதலில் சொல்ல வந்ததைத்தான் நான் கேட்டுக்கொண்டேன்.

பெண் தனியே நின்றது. விடியலில் அந்தத் தண்டுக்கு வரும். நிறம் வெளிறிப் பொன்னாகும். வாலால் பிடித்துக்கொண்டு சுற்றும். முதல் நாள் மூன்று நிமிடம். இரண்டாம் நாள் நாலு. ஆண் இருந்தபோது சுற்றாத நேரமெல்லாம் இப்போது சுற்றியது. பதினொரு காலை நான் மணிக்கூட்டோடு இருந்து பார்த்தேன். பன்னிரண்டாம் காலை பார்க்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

"எங்கிட்ட மொத ஈத்துல பதினொண்ணு தங்கியிருக்குங்க" என்று டீமேக்கர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். "வளந்ததும் நல்ல ஆணாப் பாத்து ஒண்ணு தாரேன். கொண்டுபோய் விடுங்க."

அவர் கையால் பெற்று என் தொட்டியில் விட்டு, அது பிள்ளை பெற்றால், அதை அவர் பிள்ளையின் பிள்ளை என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லும். வேண்டாம் என்றேன். ஜூலை 30 ஞாயிற்றுக்கிழமை பெண்ணை ஒரு வாளியில் நீரோடு எடுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் வைத்தேன்.

"என்னங்க மாஸ்டர் இது?"

"வச்சுக்கொள்ளுங்கோ. அங்க தனிய நிக்குது."

"அப்ப வெலையச் சொல்லுங்க."

"விலையில்லை."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து வாளியை எட்டிப் பார்த்தார். "ஐயோ, தங்கம் மாதிரி இருக்காளே" என்றார். எலுமிச்சங்காய் மாலை அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. காய்ந்திருந்தது, புதிதாக மாற்றவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போனது ஒரே ஒரு தடவை. நவம்பரில். மனைவி சொன்னாள், நான் கொடுத்த பெண் இப்போது முதலீற்றில் பிறந்த ஓர் இளம் ஆணோடு காலையில் சுற்றுகிறாள் என்று. பொய் சொல்கிறாள் என்று காட்டத்தான் போனேன். இரண்டும் ஒரே தண்டைப் பிடித்துக்கொண்டு சுற்றின. நான் வழக்கம்போல மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம். என்னுடையவனோடு ஒரு நாளும் அவள் மூன்று நிமிடத்துக்கு மேல் சுற்றியதில்லை. டீமேக்கர் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். இருக்காமல் வந்துவிட்டேன். செத்தவனுக்காகப் பொறாமைப்பட நான் ஒருவன்தான் இருந்தேன்.

புறப்படும்போது, உங்களுக்கு இதுவரை எவ்வளவு காசு முடிந்தது என்று அவரைக் கேட்டேன்.

"பாக்கலீங்களே மாஸ்டர்" என்றார்.

நான் பார்த்தேன். சோடி 18,000. நீளத் தொட்டி 14,500. உயரத் தொட்டி 26,000. ஹீட்டரும் ஃபில்டரும் 19,750. கடல்நீர் கான் ஒன்றுக்கு 400 படி இருபத்துமூன்று கான், 9,200. இரை 12,640. ரயிலும் ஓட்டோவும் 2,310. கரண்ட் பில்லில் கூடுதலாக வந்தது 7,450. நீளத் தொட்டியைக் கருவாட்டுக் கடை முதலாளி தன் பேத்திக்குப் பொன்மீன் விட 6,000க்கு எடுத்துக்கொண்டார், அதைக் கழிக்கவேண்டும். மிச்சம் ஒரு இலட்சத்து மூவாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபா.